கூரையைப் பிரித்த நாலு பேர்

திரேஸ்புரத்து ரோச்சுக்கு நாற்பத்திரண்டாவது வயதில் இரண்டு கால்களும் விளங்காமல் போயின. அதுவரை இருபத்து நாலு வருஷம் அவன் சங்கு குளித்தான். வாயில் ரப்பர் குழாயைக் கவ்விக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு ஆள் ஆழத்தில் கடல் தரையில் நடந்து, மணலுக்குள் பாதி புதைந்து கிடக்கும் சங்குகளைப் பொறுக்கி வலைப்பையில் போடுவான். மேலே படகில் கம்ப்ரஸர் ஓடும். அதிலிருந்து குழாய் வழியாக வரும் காற்றுதான் கீழே இருப்பவனுக்கு மூச்சு. குழாய் எங்கேயும் நசுங்காமல், கம்ப்ரஸர் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள மேலே ஒருத்தன் இருக்க வேண்டும். கால் போன அன்றைக்கு அப்படி இருந்தவன் செல்வின். ரோச்சின் மனைவி பிளாரன்ஸின் கூடப்பிறந்த தம்பி.

பதினொரு மணி வாக்கில் ரோச்சுக்குக் காற்று இறுகியது. குழாயை மூன்று தடவை இழுத்துப் பார்த்தான். மேலே இருப்பவனுக்கு அதுதான் அடையாளம். பதில் இல்லை. நெஞ்சு வெடிக்கிற மாதிரி ஆனதும் குழாயைத் துப்பிவிட்டு ஒரே மூச்சில் மேலே வந்தான். அவ்வளவு ஆழத்திலிருந்து அப்படி வரக் கூடாது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். வேறு வழி இல்லை.

படகில் ஏறியதும் நன்றாகத்தான் இருந்தான். தண்ணீர் குடித்தான், செல்வினை வாய்க்கு வந்தபடி திட்டினான், பீடி கேட்டான். கால் மணி நேரம் கழித்து உள்ளங்கால் மரத்தது. மரப்பு முழங்காலுக்கு ஏறி இடுப்பில் வந்து நின்றது. எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்திருந்தார்கள். முதுகுத் தண்டில் காற்றுக் குமிழி அடைத்துவிட்டது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். கை பிழைத்தது, பேச்சு பிழைத்தது, கால் வரவில்லை. செல்வின் பார்க்க வந்த அன்று ரோச் கையில் இருந்த எவர்சில்வர் டம்ளரை அவன் மேல் எறிந்தான்.

"இவன் மூஞ்சில இனி நான் முழிக்க மாட்டேன். உனக்குத் தம்பி வேணுமா, புருஷன் வேணுமா, இப்பவே சொல்லிரு" என்றான் பிளாரன்ஸிடம்.

பிளாரன்ஸ் தரையில் உருண்ட டம்ளரை எடுத்துக் கழுவி வைத்தாள். செல்வின் கொஞ்ச நாளில் சங்கு குளிக்கிற தொழிலையே விட்டுவிட்டு, மனைவி எமில்டாவின் ஊரான, திருச்செந்தூரை அடுத்த ஆலந்தலைக்குப் போய் மீன்பிடிப் படகில் சேர்ந்துகொண்டான். அக்காளும் தம்பியும் போனில் பேசினார்கள். தண்ணீர் பிடிக்கப் போகும்போது குழாயடியில் நின்று அவள் பேசுவது ரோச்சுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தான்.

கால் போவதற்கு முன்னால் அவன் எப்படிப்பட்ட கிறிஸ்தவன் என்று கேட்டால், கடற்கரையில் மற்ற ஆம்பிளைகள் எப்படியோ அப்படி. கடலில் இறங்கும் முன் நெற்றியில் சிலுவை போடுவான். மாதா கோயில் திருவிழாவுக்குப் புதுச்சட்டை எடுப்பான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வாசலோரம் நிற்பான், பிரசங்கம் தொடங்கியதும் டீக்கடைக்கு நழுவி, நற்கருணை அப்பம் கொடுக்கும் நேரத்துக்குச் சரியாகத் திரும்பி வருவான். கடவுளுக்கும் அவனுக்கும் சண்டையும் இல்லை, பேச்சுவார்த்தையும் இல்லை.

கால் போன பிறகுதான் சண்டை வந்தது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பங்குச்சாமியார் படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீடு வீடாக நற்கருணை கொண்டுவருவார். ரோச்சின் வீட்டுக்கு வந்தால் அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். தெருச் செபக்குழுவான அன்பியத்துப் பெண்கள் வந்து செபமாலை சொன்னால், முடிகிற வரைக்கும் டிவியை அணைக்க விட மாட்டான். பிளாரன்ஸ் இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். மகள் பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். பகல் முழுவதும் அவனும் அந்த அறையும்தான். இப்படி இரண்டரை வருஷம் ஓடியது.

மூன்றாவது வருஷம் தை மாதத்தில் அவனுக்குப் படுக்கைப்புண் வந்தது. உணர்ச்சி இல்லாத உடம்பு, புண் ஆழமாகப் போனது அவனுக்கே தெரியவில்லை. கன்னியாஸ்திரிகள் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தார்கள். ஆண்கள் வார்டில் எட்டே எட்டுக் கட்டில். அவன் குப்புறப் படுத்தே நாற்பது நாள் கிடக்க வேண்டும் என்றார்கள்.

பக்கத்துக் கட்டிலில் சங்கரலிங்கம் என்று ஒரு விவசாயி. ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் தாமிரபரணிப் பாசனத்தில் வயல் வைத்திருப்பவர். அறுவடையில் நெல் தாள் நுனி கண்ணில் குத்திப் புண்ணாகி, அந்தக் கண்ணில் கட்டுப் போட்டிருந்தார்கள். இன்னொரு கண்ணில் ஏற்கெனவே புரை. ஆள் வருவது நிழலாட்டமாகத் தெரியும், அவ்வளவுதான்.

"அண்ணாச்சி, முழிச்சிருக்கியளா?" என்றார் முதல் நாளே. "பேப்பர் கெடந்தா கொஞ்சம் சத்தமா வாசிங்களேன். சும்மாக் கெடக்கது பெரிய தண்டனையா இருக்கு."

ரோச்சுக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் வாசித்தான். செய்தி, விளம்பரம், காலமானவர்கள் பட்டியல் எல்லாவற்றையும் சங்கரலிங்கம் கேட்டார். வாழைத்தார் விலையை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். இரண்டு நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள் பேப்பர் வரவில்லை.

"வேற ஒண்ணும் இல்லையா அங்கன?"

ரோச் கையை நீட்டிக் கட்டிலோரத்து மேஜை டிராயரைத் திறந்தான். கன்னியாஸ்திரிகள் ஒவ்வொரு டிராயரிலும் வைத்திருக்கும் வேதப்புத்தகம் கிடந்தது. "இதுதான் கெடக்கு. எங்க வேதம்" என்றான்.

"அதுல கதை உண்டுல்லா?"

"உண்டு."

"பெறவென்ன, வாசிங்க."

ரோச் கைக்கு வந்த பக்கத்தைத் திறந்தான். வேண்டுமென்று தேடியிருந்தால் அந்தப் பக்கத்தை அவன் திறந்திருக்க மாட்டான். இயேசு ஒரு வீட்டில் இருக்கிறார், வாசலெல்லாம் கூட்டம். கால் விளங்காத ஒருவனை நாலு பேர் படுக்கையோடு தூக்கி வருகிறார்கள். உள்ளே நுழைய இடமில்லை. கூரையில் ஏறி, அதைப் பிரித்து, படுக்கையோடு அவனை அவர் முன்னால் இறக்குகிறார்கள். அவனைப் பார்த்து, உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்கிறார் அவர். அதற்கப்புறம்தான் எழுந்து நடக்கச் சொல்கிறார். ரோச் கரகரத்த குரலில் வாசித்து முடித்து, புத்தகத்தை மூடிவிட்டான்.

சங்கரலிங்கம் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, "அந்த வீடு யாரு வீடு?" என்றார்.

"அது போடலையே."

"கூரையப் பிரிச்சா வீட்டுக்காரன் சும்மாவா இருந்தான்? மழை பெஞ்சா என்ன செய்வான்? அத எழுதாம விட்டுட்டாங்களே."

ரோச்சுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அவனுக்கே நினைவில்லை.

"இன்னொண்ணு அண்ணாச்சி. அவன் வந்தது காலுக்கு. இவரு பாவத்த மன்னிச்சாச்சுங்காரு. நான் இங்கன கண்ணுக்கு வந்து கெடக்கேன். டாக்டர் வந்து, உன் மனசு சரியாயிட்டு, வீட்டுக்குப் போன்னா எனக்குக் கோவம் வராதா?"

"வரும்."

"அவனுக்கு ஏன் வரல? அப்ப அவனுக்கு உள்ள வேற ஒரு நோவும் இருந்திருக்கும். அது அந்த நாலு பேருக்கும் தெரிஞ்சிருக்காது. அவருக்குத் தெரிஞ்சிருக்கு." சங்கரலிங்கம் தலையணையைத் தடவிச் சரிசெய்துகொண்டார். "ஆமா, நீங்க விழுந்த அன்னைக்கு உங்களை யாரு தூக்கியாந்தா?"

"கூட வந்தவங்கதான். நாலு பேரு."

"யாரு யாரு?"

சாதாரணமாகக் கேட்ட கேள்வி. நேரம் போக வேண்டுமே என்று கேட்டது. ரோச் சொல்லத் தொடங்கினான். "டிக்சன். பெனிஸ்டன். படகு ஓட்டுன ராஜதுரை." அதோடு நின்றுவிட்டான்.

"மூணுதான் வந்திருக்கு."

"என் மச்சினன்" என்றான் ரோச்.

அன்றைக்கு நீர் வற்றிக் கிடந்தது. படகு கரையை அணைய முடியவில்லை. பலகையில் படுக்கவைத்து, இடுப்பளவு தண்ணீரில் நாலு பேரும் தோளில் தூக்கி நடந்தார்கள். தலைமாட்டில் செல்வின். பலகையில் தலை மோதாமல் ஒரு கையைத் தலைக்கு அடியில் கொடுத்திருந்தான். "கண்ண மூடாதீங்க அத்தான், கண்ண மூடாதீங்க" என்று அழுதுகொண்டே வந்தான். கரையில் கிடந்த சிப்பியில் அவன் கால் கிழிந்து ரத்தம் ஒழுகியதை ரோச் பார்த்திருந்தான். விபத்தைப் பற்றி எத்தனையோ பேரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். இந்த இடத்தை ஒருவரிடமும் சொன்னதில்லை. தனக்குத் தானே சொல்லிக்கொண்டதும் இல்லை.

அதன் பிறகு சங்கரலிங்கம் கேட்காவிட்டாலும் அவன் வாசித்தான். சங்கரலிங்கம் ஒவ்வொரு கதைக்கும் ஒரு கேள்வி வைத்திருந்தார். சிறு வயதிலிருந்து கேட்டுக் காதில் தேய்ந்துபோன கதைகள் அவர் கேட்கக் கேட்கப் புதிதாயின. கட்டு அவிழ்த்து ஊருக்குக் கிளம்பும் நாளில் அவர் கட்டிலுக்குக் கிட்டே வந்து குனிந்து உற்றுப் பார்த்தார். "நீங்கதானா அது? உங்க குரலுக்குப் பெரிய மீசை வச்சு நெனச்சிருந்தேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

புண் ஆறி ரோச் வீட்டுக்கு வந்தான். பிளாரன்ஸ் வேலைக்குப் போன பிறகு, காலை வெயில் ஜன்னலில் ஏறும் நேரம் வாசிப்பான். செபம் சொல்லிப் பார்ப்பான். சில நாள் நெஞ்சு லேசாகும். பல நாள் ஒன்றும் ஆகாது. பரலோக செபத்தில், எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல என்று வரும் இடத்தில் மட்டும் நாக்கு நிற்கும். அந்த வரியை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவான், தெருவில் நாய் படுத்திருந்தால் சுற்றிக்கொண்டு போவதுபோல.

வைகாசியில் ஒரு முதல் வெள்ளி. பங்குச்சாமியார் வந்தபோது அவன் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை.

"எனக்கு நற்கருணை வேண்டாம் சாமி. ஆனா பேசணும்" என்றான்.

சாமியார் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரோச் எல்லாவற்றையும் சொன்னான். மூன்று தடவை குழாயை இழுத்தது, டம்ளர் எறிந்தது, தலைக்கு அடியில் இருந்த கை. "மன்னிக்க முடியல சாமி" என்று முடித்தான்.

"முடியணும்னு ஆசை இருக்கா?"

ரோச் யோசித்தான். பொய் சொல்லத் தோன்றவில்லை. "அதுவும் இல்ல."

"அந்த ஆசையாவது வந்தா நல்லாருக்கும்னு இருக்கா?"

"அது இருக்கு" என்றான்.

"அங்கேருந்து தொடங்குங்க. இருக்கிறதைத்தானே கடவுள்கிட்ட கொடுக்க முடியும். தினமும் அவர் பேரை மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

அவன் அப்படியே செய்தான். காலையில் செபத்தின் முடிவில் செல்வின் என்று சொல்லுவான். முதலில் வாயில் மணல் கடிபடுவதுபோல இருந்தது. வாரக்கணக்கில் அப்படியே இருந்தது. பிறகு மணல் இல்லை, வெறும் பெயர்தான். எப்போது மாறியது என்று அவனுக்குத் தெரியாது.

ஆடியில் ஒரு காலை பிளாரன்ஸ் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தாள். டிவியில் காற்று எச்சரிக்கை ஓடியது.

"திருச்செந்தூர் பக்கம் காத்து பலமா இருக்குங்கானே. செல்வின் கடலுக்குப் போயிருக்கானா?" என்றான் ரோச்.

பிளாரன்ஸின் கரண்டி நின்றது. மூன்று வருஷத்துக்கு மேல் அந்த வீட்டில் ஒருவர் வாயிலிருந்தும் உரக்க வராத பெயர். அவள் திரும்பவில்லை. முதுகைக் காட்டியபடியே, "போகலையாம். நேத்துச் சொன்னான்" என்றாள்.

"சரி" என்றான் ரோச். கேட்ட பிறகுதான் அவனுக்கே தெரிந்தது, அவன் பயந்திருக்கிறான். கொஞ்சம் பொறுத்து, "ஒரு நாள் போயிட்டு வருவமா?" என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிக்சன் தன் குட்டியானை வண்டியின் பின்னால் சக்கர நாற்காலியைக் கட்டி ஏற்றினான். ரோச்சை முன்சீட்டில் உட்காரவைத்தான். பிளாரன்ஸ் மடியில் ஒரு பெட்டி மக்ரூன். உப்பளங்களைத் தாண்டி, காயல்பட்டினத்துக்குள் இருசக்கர வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, வண்டி மெதுவாகப் போனது. வழியெல்லாம் ரோச் ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டு வந்தான். அன்றைக்குச் செல்வினுக்கு என்னவாவது ஆகியிருக்கும். வெயிலில் மயக்கம் வந்திருக்கும். இல்லை, கம்ப்ரஸரில் கோளாறு, அதைப் பார்க்கக் குனிந்திருப்பான். அவன் வாயால் அப்படி ஒன்றைச் சொல்லிவிட்டால் எல்லாம் சுலபமாகிவிடும்.

எமில்டாதான் கதவைத் திறந்தாள். நாற்காலியைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். செல்வின் குளித்த ஈரத்தோடு வந்து நின்றான். முன்நெற்றி ஏறிப்போயிருந்தது, ஆள் பாதியாகியிருந்தான். பிளாரன்ஸ் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடியட்டும் என்று ரோச் காத்திருந்தான்.

"ஏளா, நீங்க ரெண்டு பேரும் உள்ள போங்க. செல்வின், நீ இரி" என்றான்.

செல்வின் நின்றுகொண்டே இருந்தான்.

"அன்னைக்கு மேல என்ன நடந்துச்சு? எனக்குத் தெரியணும்."

"ஒண்ணும் நடக்கல அத்தான்."

"மயக்கம் கியக்கம் வந்துச்சா?"

"இல்ல."

"கம்ப்ரஸர்ல எதும் கோளாறா?"

"இல்ல அத்தான்." செல்வின் தரையைப் பார்த்தான். "போன்ல வீடியோ பாத்துட்டிருந்தேன். சிரிப்பு வீடியோ. குழாய் நங்கூரக் கயித்துக்கு அடியில மாட்டுனத நான் பாக்கல. நீங்க இழுத்ததும் தெரியல. இதான் நடந்துச்சு. நான் யார்ட்டயும் சொன்னதில்ல. எமில்டாட்டகூட."

ரோச்சின் கழுத்தில் சூடு ஏறியது. பழைய சூடு. கீழே அவன் மூச்சுக்குத் தவித்த நேரம், மேலே ஒருவன் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறான். கையில் டம்ளர் இருந்திருந்தால் எறிந்திருப்பான். "தண்ணி கொண்டா" என்றான். எமில்டா செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். அதை மெதுவாக, கடைசிச் சொட்டு வரை குடித்தான். சின்னக் குற்றம் ஒன்றை மன்னிப்பதற்குத் தயாராகி வந்திருந்தான். செல்வின் பெரியதைத் தூக்கி அவன் முன்னால் வைத்துவிட்டான். மனசுக்குள் செபம் வரவில்லை. காலையில் சொல்லிப் பழகிய அந்தப் பெயர் மட்டும் வந்தது. அந்தப் பெயருக்கு உரியவன் எதிரே ஈரத்துண்டோடு நின்றான்.

"ஏலே" என்றான் ரோச். "ஏதாவது காரணம் இருக்கும், அதச் சொல்லி மன்னிச்சிரலாம்னு நெனச்சு வந்தேன். காரணம் இருந்தா மன்னிக்கதுக்கு என்ன இருக்கு. நீ இல்லன்னுட்ட. அப்ப நான் மன்னிக்கத்தான் செய்யணும்." மூச்சை இழுத்துக்கொண்டான். "மன்னிச்சிட்டேன். நாளைக்கு எனக்குத் திரும்பவும் கோவம் வரும். வந்தா திரும்பவும் மன்னிப்பேன். நீ வீட்டுக்கு வந்து போயிட்டு இரி."

செல்வின் அப்படியே தரையில் உட்கார்ந்து, ரோச்சின் முழங்கால்மேல் நெற்றியை வைத்துக்கொண்டான். அந்தக் கனம் ரோச்சுக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். ஈரத் தலைமேல் கையை வைத்தான். கைக்கு எல்லாம் தெரிந்தது.

சொன்னபடியே கோபம் திரும்பி வந்தது. கால் தசை தானாக இழுத்துத் துடிக்கிற நாட்களில் வந்தது. மழைக்கு வீடு ஒழுகி, எழுந்து ஒரு பாத்திரத்தை நகர்த்தி வைக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருந்த நாளில் வந்தது. முன்பு கோபம் வந்தால் அதோடு தனியாகக் கிடப்பான். இப்போது அதையும் காலை செபத்தில் சொல்லிவிடுகிறான். செல்வின் மாதத்துக்கு இரண்டு ஞாயிறு வருகிறான். வரும்போதெல்லாம் மீன் கொண்டுவருகிறான். பிளாரன்ஸ் அவனைத் திட்டிக்கொண்டே சோறு போடுகிறாள். அவனாகவே ஒரு நாள் திரேஸ்புரம் கரையில் போய், கம்ப்ரஸர் பார்க்கும் ஆட்களிடம் நடந்ததை நடந்தபடி சொல்லி, போனைக் கரையிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னான். ஆலந்தலையிலிருந்து திரும்பிய அடுத்த முதல் வெள்ளியில் ரோச் நற்கருணை வாங்கினான். பரலோக செபத்தை முழுசாகச் சொன்னான், அந்த இடத்தில் கொஞ்சம் நிதானித்து.

புதன்கிழமைகளில் அவன் கன்னியாஸ்திரிகளின் ஆஸ்பத்திரிக்குப் போகிறான். எட்டுக் கட்டிலுக்கும் நாற்காலியை உருட்டிக்கொண்டு போய், கேட்பவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறான். வேதப்புத்தகம் வேண்டும் என்பவருக்கு அது. பேப்பர் வேண்டும் என்பவருக்குப் பேப்பர். ஒருத்தர் முருகன் பாட்டுப் புத்தகத்தை நீட்டினார், அதையும் வாசித்தான். இப்படி வாசித்துப் பழகியதைக் கேள்விப்பட்ட பங்குச்சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசகம் வாசிக்கக் கூப்பிட்டார். சங்கரலிங்கத்துக்குப் போன் போட்டுச் சொன்னபோது, "சத்தமா வாசிங்க அண்ணாச்சி, பின்னால நிக்கவனுக்கும் கேக்கட்டும்" என்றார் அவர்.

கோயில் வாசலில் ஏழு படி. முதல் சில வாரம் நாலைந்து பேர் நாற்காலியோடு தூக்கினார்கள். பிறகு பங்குப் பேரவையில் பேசி, பக்கவாசலில் சிமென்ட்டில் ஒரு சரிவுப் பாதை போட முடிவாயிற்று. ஒரு சனிக்கிழமை செல்வினும் டிக்சனும் இன்னும் சிலரும் சேர்ந்து கலவை குழைத்துப் போட்டார்கள். ரோச்சுக்காக என்று போட்டதுதான். ஆனால் இரண்டே வாரத்தில் முழங்கால் வலிக்காரர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் வரத் தொடங்கிவிட்டார்கள். கைக்குழந்தைக்காரிகள் வந்தார்கள். கோயில் உபதேசியார் ஞானதீபம் சைக்கிளை அதில் ஏற்றி, பங்குச்சாமியாரிடம் பேச்சு வாங்கினார்.

போன ஞாயிறு ரோச் வந்தபோது, எண்பது வயது முத்துக்கனி பாதி ஏறி நின்று கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்கினாள். பின்னால் நாற்காலிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

"அவசரமா ராசா?"

"இல்ல, மெள்ளப் போங்க" என்றான் ரோச். நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டு, வாசிக்க வேண்டிய பகுதியை மடியில் விரித்து, வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்க்கத் தொடங்கினான்.